காப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்திடும் முன்: முகவரின் கடமையும் நமது உரிமையும்

போளூர், ஆரணி வட்டாரத்தில் பட்டுத் தறியை நம்பி வாழும் குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. சேலையை நெய்து கொடுத்தால்தான் கூலி. அப்படிப்பட்ட வீட்டுக்கு வரும் காப்பீட்டு முகவர் முதலில் கேட்க வேண்டியது, "வருஷத்துக்கு எவ்வளவு கட்டுவீங்க?" என்பதல்ல. வருமானம் எப்போது வருகிறது, யார் யார் அதை நம்பி இருக்கிறார்கள், கடனும் நோயும் உண்டா என்பதைத்தான். அதைக் கேட்காமல் விற்கப்படும் பாலிசி இரண்டாம் ஆண்டிலேயே பணம் கட்ட முடியாமல் காலாவதியாகும்.

காப்பீடு மார்க்கத்தில் கூடுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆனால் வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். நம்மில் பலர் வேறு பாலிசிகளும் வைத்திருக்கிறோம். அவர்கள் ஏமாறாமல் இருப்பதற்கே இக்கட்டுரை.

முகவரின் கடமைகள்

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ) 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, முகவர் தம் அடையாளத்தைத் தெரிவிக்க வேண்டும். நம் தேவையைக் கருத்தில் கொண்டே பாலிசியைப் பரிந்துரைக்க வேண்டும். கேட்டால் தமக்குக் கிடைக்கும் கமிஷனையும் சொல்ல வேண்டும். "முதல் பிரீமியத்தில் பாதியை நானே போடுகிறேன்" என்பது சலுகை அல்ல. காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது.

வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பீடும், 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடும் தரும் மத்திய அரசுத் திட்டங்கள் உள்ளன. தமக்குப் பெரிய வருமானம் இல்லாவிட்டாலும் இவற்றையும் எடுத்துச் சொல்பவரே நேர்மையான முகவர்.

படிவத்தில்தான் ஆபத்து

பெரும்பாலான வீடுகளில் படிவத்தை முகவரே நிரப்புகிறார். "சர்க்கரை வியாதியை எழுத வேண்டாம், பாலிசி கிடைக்காது" என்று அவர் சொல்வதும் நடக்கிறது. அப்படி மறைக்கச் சொல்வது விதிமீறல். ஆனால் விளைவை அனுபவிப்பது நம் வாரிசுகள். முந்தைய பாலிசியை மறைத்த ஒருவரின் மனைவிக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது சரியே என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படிக்காமல் கையெழுத்திட்டேன் என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை.

எனவே ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். நிரப்பிய படிவத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுள் காப்பீட்டில் 3 ஆண்டுகள் கடந்த பின் எந்தக் காரணம் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது 45ஆவது பிரிவு. அதற்குள் மரணம் நேர்ந்தால் இந்தப் படிவமே ஆதாரம்.

பாலிசி கைக்கு வந்ததும்

ஆவணம் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், சொன்னதும் எழுதியதும் வேறாக இருந்தால், பாலிசியைத் திருப்பிக் கொடுக்கலாம். முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு போன்றவை போக மீதித் தொகை திரும்ப வரும். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். நாமினி பெயரைச் சரிபாருங்கள்.

புகார் செய்வது எப்படி?

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம். நிறுவனம் மறுத்தாலோ ஒரு மாதம் பதில் தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு.

முகவர் நம் உறவினராகவோ ஜமாஅத்தைச் சேர்ந்தவராகவோ இருக்கலாம். கேள்வி கேட்டால் மனம் நோகுமோ என்று தயங்க வேண்டாம். உண்மையை எழுதும் முகவருக்கு நம் கேள்விகள் ஒரு சுமையே அல்ல.