பழைய லேப்டாப்பும் ஆழ்வார்திருநகரி ஏடும்

2011 செப்டம்பர் 15-ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் திட்டத்துல வந்த பெட்டிங்க, எங்க ஸ்ரீவைகுண்டம் பக்கம் இன்னும் சில வீட்டுப் பரண்ல தூங்குது. "ஆன் பண்ணிட்டு டீ குடிச்சுட்டு வரலாம்"னு கிண்டல் வேற. அந்த மந்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஹார்ட் டிஸ்க்குதான் மக்கா.

அதோட பூர்வீகம் 1956. ஐபிஎம்மின் ராமாக்: 24 அங்குலத் தட்டு 50, எடை ஒரு டன் கிட்ட, கொள்ளளவு 50 லட்சம் எழுத்து! அப்புறம் தட்டு 2.5 அங்குலமா சுருங்குச்சு, சுத்துறது மட்டும் நிக்கலை. நிமிஷத்துக்கு 5400 சுத்துன்னா, வேணுங்கிற இடம் முனைக்குக் கீழ வர சராசரி 5.5 மில்லி செகண்ட் ஆகும்.

1987-ல தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா குழு அறிவிச்ச நாண்ட் ஃப்ளாஷ்ல சுத்துறதுக்கு எதுவுமே கிடையாது. 1991-ல வந்த 20 எம்பி எஸ்எஸ்டி சுமார் 1000 டாலர். இப்போ அதே 2.5 அங்குல அளவு, அதே சாட்டா இணைப்புல சல்லிசா கிடைக்குது. ஸ்க்ரூவைக் கழட்டி மாட்டிரலாம்.

அதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுங்க. ஓலை செல்லரிக்கிறதுக்குள்ள புது ஓலையில படியெடுத்தவங்க நம்ம ஆளுங்க. உ.வே.சா. தேடி வந்தப்ப ஆழ்வார்திருநகரியில பத்துப்பாட்டு ஏடு கிடைச்சதுன்னா, பேர் தெரியாத யாரோ படியெடுத்து வச்ச புண்ணியம். 1889-ல நூல் அச்சேறிச்சு.

2023 டிசம்பர் வெள்ளம் பார்த்த ஊரு இது. கழட்டுன பழைய டிஸ்க்கை யூஎஸ்பி உறையில போட்டு வெளியூர்ல இருக்குற அக்கா வீட்ல குடுத்து வைங்க.