போனது போனதுதான்

1972. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது அங்கே பேராசிரியர். படங்களைச் சுருக்க அவருக்கு ஒரு கணித வழி தோன்றியது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு எழுதினார். முடியாது என்று பதில் வந்தது. காரணம்? யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறதாம்!

மனிதர் விடவில்லை. 1973 கோடை முழுக்க அதிலேயே மூழ்கிக் கிடந்தார். 1974 ஜனவரியில் டி. நடராஜன், கே.ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளியானது. 'டிஸ்க்ரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்'. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். 1992ல் வந்த ஜேபெக் என்ற படத்தரத்துக்கு முதுகெலும்பு அதுதான்.

அப்படி என்ன செய்கிறது? படத்தை எட்டுக்கு எட்டு, அதாவது 64 புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாக மாறுவது எது, பொடிப்பொடியாக மாறுவது எது என்று பிரிக்கும். வானத்து நீலம் மெல்ல வெளுப்பதைக் கண் கவனிக்கும். தலைமுடியின் இழை இழையான வேறுபாட்டை அவ்வளவாகக் கவனிக்காது. ஜேபெக் அங்கேதான் கைவைக்கும்.

லாபம் எவ்வளவு? 60 லட்சம் புள்ளிகள் உள்ள கலர் படம் என்று வையுங்கள். புள்ளிக்கு 3 பைட். சுருக்காவிட்டால் சுமார் 18 எம்பி. ஜேபெக்கில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. இந்தச் சிக்கனம் இல்லையென்றால், டெலிபோன் லைனில் ஊர்ந்த அந்தக் கால இன்டர்நெட்டில் போட்டோ பார்த்திருக்கவே முடியாது.

சரி, நஷ்டம்? கழித்தது திரும்பாது. படத்தைத் திருத்தித் திருத்தி மறுபடி ஜேபெக்காகவே சேமித்தால் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும்.

ஸ்கேனர்களுக்காக ஆல்டஸ் நிறுவனம் 1986ல் கொண்டுவந்த டிஃப் வேறு ஜாதி. அதில் ஒரு புள்ளியைக்கூட விடாமல், சுருக்காமலே வைக்கலாம். ஆவணக் காப்பகங்கள் மூலப் பிரதிக்குப் பெரும்பாலும் டிஃப்பையே நாடுவதும், பார்வைக்கு ஜேபெக் கொடுப்பதும் அதனால்தான்.

காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொல்கிறேன். டிஃப் என்பது பேரேடு, ஜேபெக் என்பது பேலன்ஸ் ஷீட். பேரேடு இருந்தால் பேலன்ஸ் ஷீட் எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். பேலன்ஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு பேரேட்டை எழுத முடியுமா?

சொந்தக்காரர்களுக்கு அனுப்ப ஜேபெக் போதும், தாராளமாக அனுப்புங்கள். ஆனால் வீட்டில் மிச்சமிருக்கும் தாத்தாவின் ஒரே படத்தை ஸ்கேன் செய்யும்போது, முதலில் ஒரு டிஃப் எடுத்து வையுங்கள். அட்டையில் இருக்கும் தாத்தா வருஷா வருஷம் மங்கிக்கொண்டே வருகிறார்.