மடியில் கனம்

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசி மகப் பஞ்சரத பவனியைக் காண வெளிநாடுகளிலிருந்து வரும் நம்மவர்கள் விமானச் சீட்டோடு பயணக் காப்புறுதிப் பத்திரமொன்றையும் வாங்கிக்கொள்கிறார்கள். அதன் பொடி எழுத்துகளைப் படிப்பவர் குறைவு. இத்தகைய பத்திரங்கள் பெரும்பாலானவற்றில் கைப்பணத்துக்குக் கிடைக்கும் ஈடு மிகச் சொற்பம். களவு போனால் 24 மணி நேரத்துக்குள் பொலிஸில் முறையிட்டிருக்க வேண்டும். நகைக்குப் பற்றுச்சீட்டுக் காட்ட வேண்டும். சுங்க அதிகாரிகள் எடுத்துக்கொண்ட பொருளுக்கும், நாணய மதிப்பு வீழ்ந்ததால் கரைந்த பணத்துக்கும் ஈடே இல்லை. கடைசி இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவற்றுக்கு வருவோம்.

இந்தக் கோயில் எழுந்த ஊரே வழிப்போக்கரின் ஊர்தான். கோப்பித் தோட்டக் காலத்தில் இராமநாதபுரம், திருச்சி, தஞ்சைப் பகுதிகளிலிருந்து புறப்பட்டோர் தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். ஏறத்தாழ 150 மைல். காய்ச்சலும் வாந்திபேதியும் வழிநெடுகிலும் காத்திருந்தன. 1840களில் 70,000 பேர் மாண்டதாக அன்றைய ‘கொழும்பு ஒப்சேவர்’ எழுதியது. அந்த எண்ணிக்கையை ஏற்காத வரலாற்றாசிரியர்களும் உண்டு. பிணங்களை யாரும் எண்ணவில்லை என்பதே பொருத்தமான பதில் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோப்பி பருவப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் பலர் அதே வழியில் ஊர் திரும்பினார்கள். கைக்கு வந்த கூலி மடியிலேதான். “மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்” என்ற பழமொழி அவர்களுக்கு வெறும் உவமையல்ல. கூட்டமாக நடப்பதும், மாரியம்மனை வேண்டிக்கொள்வதுமே அவர்கள் அறிந்த காப்புறுதி.

இதே பயணத்தில் இன்னொருவருடைய பணம் மிகக் கவனமாகப் பாதுகாக்கப்பட்டது. தொழிலாளியை அழைத்து வரக் கங்காணிக்குத் தோட்டம் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால், கடனைப் புதிய தோட்டம் செலுத்தினால் ஆளை விடுவிப்பதாக எழுதிய ‘துண்டு’ வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் பொறித்த சிறு தகடு அது. கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். வழிச் செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதை அது சொல்லிவிடும். பயணி தவறிவிடாதிருக்க ஏற்பாடு இருந்தது. பயணியின் மூட்டை தவறினால் கேட்பாரில்லை. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது.

நூறாண்டு கடந்து அதே மக்களின் பேரப்பிள்ளைகள் எதிர்த்திசையில் பயணப்பட்டபோதுதான் அவர்களுடைய உடைமை பற்றி இரண்டு அரசாங்கங்கள் எழுத்தில் பேசின. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்போடப்பட்டு 1974இல் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டது. இந்த எண்கள் பலருக்கும் மனப்பாடம். அதே ஒப்பந்தத்தில் இருக்கும் பணப் பிரிவை எடுத்துப் பேசுவோர் அரிது. செல்வோர் சேமலாப நிதி, பணிக்கொடை உட்பட்ட தம் சொத்துகளை எடுத்துச் செல்லலாம். ஒரு குடும்பம் கொண்டுசெல்ல அனுமதிக்கப்படும் உச்சத் தொகை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படமாட்டாது.

பயணியின் பணத்துக்கு இந்த வழியில் கிடைத்த முதல் எழுத்துறுதி இது என்றால் மிகையில்லை. ஆனால் ரூபாவில் எழுதிய உறுதி ரூபாவோடு சேர்ந்தே தேய்ந்தது. 1964இல் ஒரு டொலர் ஏறத்தாழ 4 ரூபா 76 சதம். அக்கணக்கில் 4,000 ரூபா 840 டொலர். 1967 நவம்பரில் இலங்கை நாணயம் 20 வீதம் மதிப்பிறக்கப்பட்டது. 1977 நவம்பரில் டொலர் 16 ரூபாவானபோது அதே 4,000 ரூபா 250 டொலராகிவிட்டது. போதாக்குறைக்கு 1977 ஆகஸ்ட் வன்முறை பலரை அவசரமாகக் கிளப்பியது. அவசரத்தில் விற்பவனுக்கு ஆடு, மாடு, பண்ட பாத்திரம் எதற்கும் உரிய விலை கிடைப்பதில்லை. நகைக்கோ சுங்கத்தைத் தாண்டியாக வேண்டும். தலைமுறை தலைமுறையாக வந்த காதோலைக்கு யாரிடம் பற்றுச்சீட்டு இருக்கும்? இன்றைய பத்திரத்தின் விலக்குப் பட்டியலில் நிற்பவை அன்றைய பயணியின் இழப்புப் பட்டியலில் நின்றன.

முன்னோர் வடக்கிலிருந்து நேரே நடந்து வந்த மாத்தளைக்கு 1880இல் ரயில் வந்தது. அதுவே கடைசி நிலையம், அதற்கு வடக்கே தண்டவாளம் இல்லை. எனவே இந்தியா செல்வோர் முதலில் தெற்கே கண்டிக்கு இறங்கி, பொல்காவலை சுற்றி, பிறகு வடக்கே திரும்பித் தலைமன்னார் போக வேண்டும். அந்த வண்டிக்கு மலையக மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம்.

போர்ச் சூழலில் 1984இல் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு வாங்கிய பல்லாயிரவர் பயணப்பட முடியாமல் தோட்டங்களிலேயே தங்கினர். அவர்களும் இலங்கைக் குடியுரிமை பெற 2003ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது. அந்த 4,000 ரூபா உறுதி அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை.