கோவிவனுக்குக் கல் இருக்கிறது

கல்வராயன் மலைக்கு வடக்கே, செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த நடுகல் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. மாட்டு மந்தையைக் காக்கும் சண்டையில் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரன் அதில் வில்லோடு நிற்கிறான். பக்கத்தில் ஒரு நாய். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாயாம். அதற்கும் பெயர் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன்.

ஆயிரத்து நானூறு வருடம் கழித்து அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. என் தாத்தாவைப் புதைத்த இடம் எனக்குத் தெரியாது. ஓடைக்கரையில் எங்கேயோ என்பார் அப்பா. இத்தனைக்கும் தாத்தா ஊருக்கெல்லாம் குழி வெட்டியவர். சாவுச் சேதி சொல்லப் போனதும் அவர்தான், பறை அடித்ததும் அவர்தான். ஊரில் யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் படுத்திருக்கும் இடத்தைத்தான் யாரும் குறித்து வைக்கவில்லை.

கல் என்பது நினைவு மட்டுமல்ல தோழர்களே, அது நிலம். கல் நட இடம் வேண்டும், அதைப் பிடுங்கி எறியாதபடி காக்க அதிகாரம் வேண்டும். மன்னர்கள் பள்ளிப்படைக் கோயில் எழுப்பினார்கள். பட்டீச்சரத்துக்குப் பக்கத்தில் பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திர சோழன் எழுப்பியது இன்றும் நிற்கிறது. இங்கிலாந்தின் பழைய கிராமத்துத் தேவாலயங்களிலும் இதே கதைதான். நிலக்கிழார் குடும்பம் பலிபீடத்துக்கு அருகிலேயே பளிங்குச் சிலையாகப் படுத்திருக்கும். காலடியில் சின்னதாக ஒரு நாயும் இருக்கும். அவர்கள் வயலில் உழைத்தவர்கள் வெளியே, புல்லுக்கடியில், பெரும்பாலும் பெயரில்லாமல்.

அந்தப் பளிங்கு நம் ஊருக்கும் கப்பலேறி வந்தது. 1798-இல் இறந்த சுவார்ட்ஸ் பாதிரியாருக்காகச் சரபோஜி மன்னர் லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்த சிற்பம் தஞ்சைத் தேவாலயத்தில் இருக்கிறது. சாகக் கிடக்கும் பாதிரியாரின் கையை மன்னர் பிடித்திருக்கிறார். அழகான வேலை, மறுக்க முடியாது. ஆனால் மிஷன் வரலாற்றைப் படிக்கும்போது நாம் கேட்க வேண்டியது வேறு: அந்தத் தேவாலயங்களை நம்பி வந்த சேரி மக்கள் செத்த பிறகு எங்கே போனார்கள்?

பதிலுக்குத் தஞ்சை வரை போக வேண்டாம். நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில், எறையூர் இருக்கிறது. செபமாலை அன்னை ஆலயம் அங்கே பெரிய கோவில். வன்னியக் கிறித்தவர்களும் தலித் கிறித்தவர்களும் ஒரே திருச்சபை, ஒரே ஜெபம். ஆனால் கல்லறை வேறு, சவ வண்டி வேறு. கோவிலுக்குப் போகும் பிரதான தெரு வழியாகத் தலித் பிணம் போகக் கூடாது. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள்கூடத் தனித்தனியாக உயிர்த்தெழ ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள்.

2008 மார்ச்சில் தலித் மக்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். 'தனி' என்று அவர்கள் கேட்டதை நம்மில் சிலரே அன்று விமர்சித்தார்கள். ஏற்கெனவே ஒதுக்கி வைத்தவனிடமிருந்து பிரிந்து, குறைந்தபட்சம் மரியாதையோடு வாழவும் சாகவும் கேட்டதைப் பிரிவினை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மார்ச் 9 அன்று தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது, வீடுகள் நொறுக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் இருவர் செத்தார்கள். இருவரும் வன்னியர்கள். சாதி தன் பிள்ளைகளையும் விட்டு வைப்பதில்லை.

திருச்சி மேலப்புதூரில் இன்னும் வெளிப்படை. ஒரே கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் செங்கல் சுவரே கட்டியிருந்தார்கள், செத்தவர்கள் கலந்துவிடாமல் இருக்க.

நமக்கென்று கற்கள் நட்டதெல்லாம் சமீபத்தில்தான், அதுவும் பெரும்பாலும் ரத்தம் சிந்திய இடங்களில். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு எரிக்கப்பட்ட 44 பேருக்கு நினைவிடம் இருக்கிறது. 1997-இல் வெட்டப்பட்ட முருகேசனும் தோழர்களும் மேலவளவில் புதைக்கப்பட்ட இடத்துக்கு விடுதலைக் களம் என்று பெயர்.

ஆனால் கொல்லப்படாமல், சும்மா வயதாகி, இருமிச் செத்த என் தாத்தா மாதிரி ஆட்கள்? போன மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனேன். ஒரு புங்கமரத்தைக் காட்டி, "இதுக்கு மேற்காலதான் இருக்கணும்" என்றார். பாதி இடம் பக்கத்து நிலத்துக்காரரின் வேலிக்குள் போய்விட்டது. கிராம வரைபடத்தில் அது என்னவாகப் பதிவாகியிருக்கிறது என்று கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதியிருக்கிறேன்.