இதயத் தழும்பும் மேலறை நடுக்கமும்

தோலில் பட்ட காயம் ஆறும்போது தழும்பு உண்டாகிறது. இதயத் தசையும் நீண்ட காலம் பாதிப்புக்கு உள்ளானால் அதில் நார்த்திசு படிகிறது. இத்தழும்பு இதயத்தின் மேலறைகளில் ஏற்படும்போது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கம் தோன்றவும் நிலைத்துவிடவும் வாய்ப்பு மிகுகிறது.

தழும்பு எவ்வாறு உருவாகிறது?

இதயத் தசை உயிரணுக்களுக்கிடையே ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் உயிரணுக்கள் உள்ளன. தசையைத் தாங்கும் வலைப்பின்னலைப் பராமரிப்பது இவற்றின் பணி. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, உடல் பருமன், மிகுதியான மதுப்பழக்கம், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், வால்வு நோய், முதுமை ஆகியவை மேலறைகளைப் பாதிக்கும்போது, பின்வரும் மூலக்கூறுகளின் செயல்பாடு அதிகரிக்கிறது.

• ஆஞ்சியோடென்சின்-2: இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஹார்மோன். இதயத் திசுவில் நார்ப் படிவையும் தூண்டுகிறது.
• ஆல்டோஸ்டிரோன்: உடலில் உப்பைத் தேக்கும் ஹார்மோன். இதுவும் நார்ப் படிவை வளர்க்கிறது.
• டி.ஜி.எஃப்.-பீட்டா: புண் ஆற உதவும் புரதம். இது அளவு மீறினால் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் கொலாஜன் நார்களை மிகுதியாக உற்பத்தி செய்கின்றன.

துடிப்பு ஏன் சீர்கெடுகிறது?

கொலாஜன் மின் தூண்டலைக் கடத்தாது. தழும்பைச் சுற்றிச் செல்லும் தூண்டல் தாமதமாகி, வந்த வழியே திரும்பிச் சுழலத் தொடங்குகிறது. இதனால் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் நடுங்குகின்றன. நடுக்கம் நீடிக்குந்தோறும் மேலறையின் அமைப்பு மேலும் மாறுகிறது. நடுக்கமே நடுக்கத்தை நிலைபெறச் செய்கிறது என்பதை 1995ஆம் ஆண்டு வெளியான, நெதர்லாந்தில் ஆடுகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு காட்டியது. எனவே காலந்தாழ்த்தாமல் சிகிச்சை பெறுவது இன்றியமையாதது.

இதனால் விளையும் ஆபத்து

நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கி உறையக்கூடும். அந்த உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் ஏற்படும். மேலறை நடுக்கம் பக்கவாத ஆபத்தை ஏறத்தாழ 5 மடங்கு உயர்த்துகிறது. படபடப்பு, மூச்சிரைப்பு, களைப்பு ஆகியவை சிலருக்கு இருக்கும். பலருக்கு அறிகுறியே இராது. படபடப்பு நின்றதாலேயே ஆபத்து நீங்கிவிட்டதாகக் கருதக் கூடாது.

சிகிச்சை

படிந்துவிட்ட தழும்பை முழுமையாக அகற்றும் மருந்து இன்று பயன்பாட்டில் இல்லை. ஆகவே அது வளராமல் தடுப்பதே நோக்கம். எனலாப்ரில், லோசார்டன் போன்ற மாத்திரைகள் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு ஆஞ்சியோடென்சினின் செயலையும் தடுக்கின்றன. துடிப்பைச் சீராக்க மருந்துகளும், தேவைப்படுவோருக்கு அப்லேஷன் சிகிச்சையும் உள்ளன.

பக்கவாத ஆபத்து உள்ளவர்களுக்கு இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை வழங்கப்படும். வார்ஃபரின் உட்கொள்வோர் பெரும்பாலும் ஐ.என்.ஆர். அளவை 2 முதல் 3க்குள் வைத்திருக்க வேண்டும். வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு கணிசமாகச் சுருங்கியவர்களுக்கு வார்ஃபரினே பரிந்துரைக்கப்படுகிறது.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் கவனிக்க வேண்டியவை

• உடல்நிலை நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது.
• மருத்துவரைக் கேளாமல் வலி நிவாரணி மாத்திரைகளை வாங்கி உட்கொள்ளக் கூடாது.
• வார்ஃபரின் உட்கொள்வோர் கீரையைத் தவிர்க்க வேண்டியதில்லை. உண்ணும் அளவை ஒரே சீராக வைத்துக்கொள்ள வேண்டும்.
• கருவுற்றவர்களும் கருத்தரிக்க விரும்புவோரும் அதனை மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். மேற்கூறிய மருந்துகளுள் சில கருவைப் பாதிக்கக்கூடியவை.
• மணிக்கட்டில் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். தாளம் ஒழுங்கற்றிருந்தால் அரசு மருத்துவமனையில் இ.சி.ஜி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

உடனடி உதவி தேவைப்படும் நிலைகள்

வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரெனச் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல், நெஞ்சுவலி, மயக்கம், நிற்காத இரத்தக்கசிவு ஆகியவற்றுள் எது தோன்றினாலும், அது தானே சரியாகும் எனக் காத்திராமல் உடனே 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, உட்கொள்ளும் மாத்திரைகளையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.