பிளே அழுத்துவதற்கு முன்

யூடியூப் வந்த புதிதில் வீடியோ பார்க்க ஒரு முறை இருந்தது. எங்கட ஊர் நானாமாரைக் கேட்டால் சொல்வார்கள். போட்ட உடனே நிறுத்த வேண்டும். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் வெளிறிய கோடு கடைசிவரை நிறைந்திருக்கும். அதுக்குப் பிறகுதான் பார்ப்பது.

2005இல் யூடியூப் தொடங்கியபோது வீடியோவை ஓட்டியது பிரவுசர் அல்ல, அதோடு சேர்த்து நிறுவிய ஃப்ளாஷ். 2007இல் ஒபேரா நிறுவனம், வீடியோவுக்கு எச்டிஎம்எல்லிலேயே ஒரு டேக் வேண்டும் என்று முன்மொழிந்தது. 2009இல் பயர்பாக்ஸ் 3.5 அதை ஏற்றது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: ஒரு பக்கத்தில் பத்து வீடியோ இருந்தால், நாம் தொடாமலே பத்தையும் இறக்கலாமா?

பயர்பாக்ஸ் 3.5 தந்தது 'ஆட்டோபஃபர்'. பக்கத்தை எழுதியவர் "இறக்கு" என்று சொல்லலாம். "இறக்காதே" என்று சொல்ல வழியில்லை. அதனால் 'பிரீலோட்' அதன் இடத்துக்கு வந்தது. அதில் மூன்று தெரிவுகள்: ஒன்றும் இறக்காதே, நீளம் போன்ற விபரம் மட்டும் எடு, முழுவதையும் இறக்கினாலும் பரவாயில்லை. இதுவும் கட்டளையல்ல, ஆலோசனைதான். ஐபோன் சஃபாரி அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. டேட்டாவுக்குக் காசு கட்டுவது பாவனையாளர், அவர் தொடும்வரை எதுவும் இறங்காது என்பது ஆப்பிள் சொன்ன காரணம். 2018இல் குரோமும், பக்கம் எதுவும் சொல்லாவிட்டால் விபரம் மட்டும் எடுப்பது என்று மாறியது.

2013 அளவில் யூடியூப் வீடியோவைச் சில செக்கன் துண்டுகளாக்கி, தேவையான அளவு மட்டும் அனுப்பத் தொடங்கியது. பாதியில் விட்டுப் போனால் மிச்சம் வீணாகாது, நல்லதுதான். ஆனா நிறுத்திவைத்து நிரப்பும் வித்தை போய்விட்டது. சிக்னல் குறைந்தால் இப்போது காத்திருப்பதில்லை, மங்கலாகப் பார்க்கிறோம்.

மெதுவான இணைப்பில் இருப்பவர் கணக்கில் வருவதே கஷ்டம். 2009இல் யூடியூப் பொறியியலாளர் கிறிஸ் சகரியாஸ், 1 எம்பிக்கு மேலிருந்த வீடியோ பக்கத்தை 100 கேபிக்குள் சுருக்கினார். சராசரி நேரம் குறையவில்லை, கூடியது! காரணம், அதுவரை பக்கத்தையே திறக்க முடியாமலிருந்த தென்கிழக்காசியா, ஆபிரிக்கா போன்ற இடத்து ஆட்கள் முதல்முறையாக உள்ளே வந்ததுதான். அவர்களுக்கு இரண்டு நிமிடம் எடுத்தது; முன்பு இருபது நிமிடம் எடுத்திருக்கும்.

ரீலோட் போட்டு விரிவுரை பார்க்கும் நாங்கள் இந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. ஒரே பக்கத்தில் ஐந்து யூடியூப் வீடியோக்களைப் பதித்தால், பிளே அழுத்த முன்பே ஐந்து பிளேயர்களும் டேட்டா எடுக்கும். நாளைக்கு நாங்களே பக்கம் செய்யும்போது ஒரு படமும் இணைப்பும் போட்டாலே போதும். பார்ப்பதா இல்லையா என்பதைக் காசு கட்டுகிறவர் தீர்மானிக்கட்டும்.