பன்சக்கியின் காலம்: ஒரு பட்டப்பெயரும் ஒரு தொட்டியும்

நொய்யல் கரையில் அணை கட்டிக் குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் தண்ணீரைத் திருப்பிய கொங்கு நாட்டில், மாவரைத்தது கைத்திரிகை; எண்ணெய் ஆட்டியது மாட்டுச் செக்கு. ஓடும் நீரே கல்லைச் சுழற்றும் ஏற்பாட்டைப் பார்க்க அங்குள்ளவர் தக்காணத்துக்குத்தான் போக வேண்டும். அவுரங்காபாத்தில் (இன்றைய சத்ரபதி சம்பாஜிநகர்) காம் ஆற்றங்கரையிலுள்ள பன்சக்கி என்ற நீராலை, பாபா ஷா முசாபிர் தர்காவை ஒட்டியது. மசூதி, மதரசா, சத்திரம், குடியிருப்புகள் எல்லாம் அந்த ஆலையோடு ஒரே வளாகம். அரைத்த மாவு அங்கு வந்தவர்களின் பசிக்கே போயிற்று.

அவுரங்காபாத் மாவட்டக் கெசட்டியர் வழியாகப் பரவிய செய்தி இது: ஏறத்தாழ 1695இல் நிஜாம்-உல்-முல்க் ஆசப் ஜாவின் பரிவாரத்தைச் சேர்ந்த துர்க்தாஜ் கான் ஆலையை அமைத்தார், சுமார் இருபது ஆண்டுகள் கழித்து ஜமீல் பேக் கான் மசூதியின் முன்னுள்ள நீள்சதுரத் தொட்டியையும் நீரூற்றுகளையும் சேர்த்தார். பின்னால் எழுதியவர்கள் பலர் இதையே படியெடுத்தனர். வேறு சிலர் ஆலைக்கு 1744 என்று ஆண்டு தருகின்றனர். இரண்டு ஆண்டுகளும் ஒரே நூலில் அடுத்தடுத்து வருவதும் உண்டு!

1695ஐ என்னால் ஏற்க முடியவில்லை. 1671இல் பிறந்த நிஜாமுக்கு அப்போது வயது இருபத்து நான்கு. அப்போதைய பட்டப்பெயர் சின் கிலிச் கான். ‘நிஜாம்-உல்-முல்க்’ பட்டம் 1713இல் வந்தது; ‘ஆசப் ஜா’ 1725இல். தக்காணம் அவர் கைக்கு உறுதியாக வந்ததோ 1724இல், ஷகர்கேடாப் போருக்குப் பின். ஆகவே கெசட்டியரின் வாக்கியத்தில் ஆண்டும் ஆளும் ஒட்டவில்லை.

பிற்காலப் பட்டத்தை முன்தேதியிட்டு வழங்குவது பழைய ஏடுகளில் சகஜந்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஷா முசாபிரின் குருவான பாபா பலங்போஷ், நிஜாமின் தந்தை காஜியுத்தீன் கான் பிரோஸ் ஜங்கின் படையோடு திரிந்தவர். துரானி (மத்திய ஆசிய வழி) பிரபுக்களுக்கும் இந்தத் தகியாவுக்கும் (சூபி மடத்துக்கும்) உறவு 1695க்கு முன்பே உண்டு. ஆனால் உறவு இருந்தது என்பதால் ஆலையும் இருந்தது ஆகிவிடாது. துர்க்தாஜ் கானை மகனின் ஆளாகச் சொன்ன மரபை நம்பினால், மகனுக்குப் பரிவாரம் வைக்கும் அளவுக்கு ஆட்சி கிடைத்த காலத்தையும் நம்பியாக வேண்டும்.

கட்டடத்தைப் பார்ப்போம். ஹர்சூல் ஆற்றுப் பக்கத்துக் கிணறு ஒன்றிலிருந்து ஏறத்தாழ 8 கி.மீ. தூரம் சுட்ட மண்குழாய்களில் நீர் வருகிறது. நிலத்தடிக் கால்வாய் மரபு இவ்வூரில் மாலிக் அம்பர் காலத்திலேயே வேரூன்றியது. வந்த நீரை உயரத்திலிருந்து விழ வைத்து விசை பெறுகிறார்கள். கீழே படுக்கைவசத்தில் கிடக்கும் சக்கரத்தின் அலகுகளில் நீர் மோதும்; நட்ட தண்டு நேரே மேல் கல்லைச் சுழற்றும். பல்சக்கரம் வேண்டாம். இமயமலை ஓடைகளின் ‘கராட்’ ஆலையும் இந்த வகையே.

நான் அழுத்த விரும்புவது தொட்டி. அதன் தரையே கீழுள்ள விசாலமான கூடத்தின் கூரை. பருத்த தூண்கள் அத்தனை நீரின் பாரத்தையும் சுமக்கின்றன. வெயில் காலத்தில் கூடம் குளிர்ந்து கிடக்கும். இவ்வளவு எடையை ஏற்கத் தூண்கள் முதலிலேயே திட்டமிடப்பட்டிருக்க வேண்டும். பழைய கூடத்தின் தலைமேல் பிறகு தொட்டியை ஏற்றினார்கள் என்பதை எந்தக் கொத்தனாரும் ஒப்பமாட்டார். அப்படியானால் ஜமீல் பேக் கானின் பணி வெறும் அலங்காரச் சேர்க்கை அல்ல. கூடமும் தொட்டியும் ஒரே கட்டுமானம். வளாகத்தின் பெரும்பகுதி ஆலைக்குப் பிந்தியது என்றே இதிலிருந்து தோன்றுகிறது. கெசட்டியர் இதை ஒரு வரியில் கடந்துவிட்டது.

இங்கே என் வாதத்துக்கே ஒரு நெருடல். 1695ஐ எண்ணினால் தொட்டி 1715இல் விழுகிறது. ஷா முசாபிர் மறைந்ததும் 1715 வாக்கில்தான் என்பதால், நினைவுப்பணி என்று அழகாகப் பொருந்தும். 1744ஐ எண்ணினாலோ 1764. ஆசப் ஜா 1748இல் இறந்துவிட்டார். 1763 வாக்கில் தலைநகரும் ஐதராபாத்துக்குப் போய்விட்டது. தர்பார் வெளியேறிய ஊரில் இத்தனை பெரிய தொட்டிக்குப் பணம் இறைத்தது யார்? ‘இருபது ஆண்டு’ என்பது வாய்வழிக் கணக்காக இருந்தால் இந்தச் சிக்கல் தளரும். நான் அப்படித்தான் நினைக்கிறேன். ஆலையை 1724க்கும் 1748க்கும் இடையில் வைக்கலாம். 1744 அதற்குள் அடங்குகிறது, அவ்வளவே. தொட்டிக்கு இப்போதைக்கு ஆண்டு சொல்லத் துணிய மாட்டேன். கூடத்துத் தூண்களின் சுண்ணச் சாந்தையும் ஆலைச் சுவரின் சாந்தையும் ஒப்பிட்டால் எது முந்தியது என்பதாவது தெரியவரலாம்.